மனு: இல்லை

ஜூன் 3, திங்கள்

காலை ஆறு மணி. பெரிய கதவு திறப்பு. அறைகள் பத்து, பூட்டுகள் பத்து, சாவிக்கொத்து ஒன்று. கைதிகள் இல்லை. வேறு விசேஷமில்லை.

முப்பத்து நான்கு வருஷம் இப்படித்தான் பாராப் புத்தகத்தில் எழுதினேன். பாரா என்றால் காவல் முறை. தன் முறை முடிந்ததும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றும் நடக்காவிட்டால் ‘வேறு விசேஷமில்லை’ என்று முடிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கடைத்தெருவில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். இதை எந்த அதிகாரியும் பார்த்துச் சுருக்கொப்பம் போடப் போவதில்லை. அதுவே ஒரு சுகம்.

பெயர் ஆறுமுகநயினார். வயது 64. செவல்கோட்டை கிளைச் சிறையில் வார்டராக வேலைக்குச் சேர்ந்தேன். நடுவில் பல ஊர் மாற்றினார்கள். சிறையை மூடிப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. இப்போது யாரோ குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, குற்றாலம் போகிற ஜனங்களுக்குக் காட்சிப் பொருளாக்கியிருக்கிறார்கள். நான் அதற்குக் காவலாளி, வழிகாட்டி இரண்டும். கதவை ஒட்டிய பழைய சாமான் அறையில் ஜாகை. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வெளியே போய்விட்டார்கள், வெளியே நின்ற நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 8, சனி

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் பதினொன்று நின்றன.

எல்லோருக்கும் ஒரே கதையைத்தான் சொல்கிறேன். இது முதலில் சிறையே இல்லை, ஜமீன்தாரின் நெல் களஞ்சியம். வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கி, தடுப்புச் சுவர் எழுப்பி, பத்து அறையாக்கினார்கள். அதனால்தான் ஜன்னல்கள் அவ்வளவு உயரத்தில் இருக்கின்றன. நெல்லுக்கு வேடிக்கை பார்க்க வேண்டிய அவசியம் இல்லையே. சுதந்திரப் போராட்டத்தில் நான்கு பேரைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகிற வழியில் மூன்று ராத்திரி இங்கே வைத்திருந்தார்கள். மற்றபடி ஆடு திருடினவன், வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டி ஓங்கினவன், சாராயம் காய்ச்சினவன். இதைச் சொன்னால் ஜனங்களின் முகம் சுருங்கிவிடுகிறது.

‘தூக்குமேடை எங்கே இருக்கு?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே தூக்கே கிடையாது என்றால் டிக்கெட்டுக்கு நஷ்டம் என்று நினைக்கிறார்கள். இன்று ஒரு கோவில்பட்டிக்காரர் விடவே இல்லை. “ஒருத்தனக் கூடவா கொல்லல?” என்றார். “மூட்டைப்பூச்சி நெறைய கொன்னுருக்கோம்” என்றேன். அவர் மனைவி சிரித்தாள்.

மேலாளர் பெனினா மேடத்துக்கு அது காதில் விழுந்துவிட்டது. பாளையங்கோட்டைப் பெண், முப்பது வயது இருக்கும், சுறுசுறுப்பு. “அங்கிள், ஜோக் எல்லாம் ஓகே. ஆனா வாரவங்களுக்கு ஒரு த்ரில் வேணும்லா?” என்றாள். என்னை யாரும் அங்கிள் என்று கூப்பிட்டால் பிடிக்காது. சொல்லவில்லை.

மதியம் ‘ஜெயில் களி’ நாற்பது தட்டு போயிற்று. நெய் விட்டு, கூட வெல்லம். எங்கள் காலத்துக் களியைச் சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும். வேறு விசேஷமில்லை.

ஜூன் 12, புதன்

பெனினா மேடத்துக்குத் த்ரில் கிடைத்துவிட்டது. பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று, “அங்கிள், இங்க ஒரு சூசைட் நடந்துருக்கே! சொல்லவே இல்ல?” என்றாள்.

நாலாம் நம்பர் அறை. கொம்பையா என்று ஒரு விசாரணைக் கைதி. வாய்க்கால் தகராறில் வெட்டுக்குத்து வழக்கு. 1988 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தபோது ஜன்னல் கம்பியில் வேட்டியால் தொங்கிக் கிடந்தான். வயது 26. இதெல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். நான் சொல்ல என்ன இருக்கிறது?

மனுப் புத்தகத்தையும் அவள் எடுத்துவிட்டாள். கைதியைப் பார்க்க உறவுக்காரர் எழுதிக் கொடுக்கிற காகிதத்துக்கு மனு என்று பெயர். நாளடைவில் பார்க்க வருவதற்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ‘உனக்கு மனு வந்திருக்கு’ என்றால் உன்னைப் பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் முற்றத்தில் கேட்டால் எவ்வளவு பெரிய போக்கிரியும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பான். மனு நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு.

அக்டோபர் 15, சனிக்கிழமைப் பக்கத்தில் ஒரே வரி: ‘மனு: இல்லை. வேறு விசேஷமில்லை.’ கீழே கையெழுத்து.

“பாருங்க அங்கிள், பொண்டாட்டி வரவே இல்ல. அந்த ஏக்கத்துல மறுநாள் விடியறதுக்குள்ள செத்துருக்கான். என்ன ஒரு ஸ்டோரி!” என்றாள். அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறாளாம். வேறு புத்தகம் வைக்கலாம், 1942-ஆம் வருஷப் புத்தகத்தில் அருமையான கையெழுத்து இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். கையெழுத்தைப் பார்க்க யார் வருவார்கள் என்கிறாள். அதுவும் சரிதான்.

ஜூன் 13, வியாழன்

பெயர் எழுதிய பேட்ஜைச் சட்டையில் குத்துவதை விட்டுவிட்டேன். துணியில் ஓட்டை விழுகிறது.

ஜூன் 16, ஞாயிறு

நாலாம் நம்பர் வாசலில் போர்டு வந்துவிட்டது. சிவப்பு எழுத்து. ‘காத்திருந்த கைதி. கடைசிவரை வராத மனைவியை எதிர்பார்த்து உயிர்விட்டவன் அறை. இன்றும் மாலை நான்கு மணிக்கு இங்கே காலடிச் சத்தம் கேட்கும்.’ மாலை நான்கு மணிக்குக் கேட்பது என் காலடிச் சத்தம்தான். அந்நேரம் நான்தான் கம்பி தட்டப் போவேன்.

‘கம்பி எண்ணுவது’ என்று ஊரில் கைதிகளைச் சொல்வார்கள். எந்தக் கைதியும் கம்பி எண்ணி நான் பார்த்ததில்லை. எண்ணுவது வார்டர். சாயங்காலம் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு கம்பியையும் இரும்புத் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது அறுத்திருந்தால் சத்தம் மாறும். கதவுக்குப் பதினொன்று, ஜன்னலுக்கு ஐந்து. இப்போது அறுப்பதற்கு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் தட்டுகிறேன். பத்து அறையும் தட்டி முடிக்க இருபது நிமிஷம் போய்விடும். அந்த இருபது நிமிஷம் எனக்கு வேண்டும்.

வேன்கள் போன பிறகு இந்த மதிலுக்குள் நான் ஒருவன்தான். டீக்கடைக்காரர் சிலசமயம் எட்டிப் பார்ப்பார். தெய்வானை போய் மூன்று வருஷம். ‘ஆறுமுகத்துக்குத் தெய்வானை, வள்ளி எங்கேடா?’ என்று கல்யாணத்தில் கேலி செய்தார்கள். வள்ளியும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. கல்யாணமான புதிதில் அவள் வீட்டு ஆட்கள் மாதாமாதம் கேட்பார்கள், “ஏதும் விசேஷம் உண்டா?” என்று. அவள் தலையைக் குனிந்துகொள்வாள். பத்து வருஷத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. நான் வேலையில் எழுதியதே வீட்டிலும் பலித்துவிட்டது என்று ஒருநாள் நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்லாதது அது ஒன்று மட்டும் இல்லை.

தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். கருவேலங்குளம் நடுநிலைப் பள்ளி. வாத்தியார் இரண்டு பேர். கூடச் சத்துணவு அமைப்பாளர், கோமதி என்று ஒரு பெண். புளிச்சோறு வாளியும் கையுமாக வந்தாள். முப்பத்தாறு வயது இருக்கும்.

பிள்ளைகள் கைவிலங்கு மாட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் நாலாம் நம்பர் வாசலில் நின்றாள். போர்டைப் படித்தாள். பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு வந்தாள். வெகுநேரம் குனிந்தபடி இருந்தாள். நான் விலகிப் போயிருக்கலாம். போகவில்லை.

“இது எங்கப்பா” என்றாள். யாரிடமோ சொல்வதைப் போல இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, “கொம்பையா மக நான். அவரு சாவும்போது ஆறு மாசக் கொழந்த” என்றாள்.

நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

“எங்கம்ம சொல்லுவா. அன்னைக்கு மழையில என்னையும் தூக்கிட்டு வந்தாளாம், உள்ள விடலயாம். ஊருல ஒருத்தரும் நம்பல. எங்கப்பா வீட்டு ஆளுக அவள வாசப்படி ஏறவிடல. கட்டுனவன எட்டிப் பாக்காதவன்னு பட்டம். வெசாரணையில புத்தகத்தப் பாத்துட்டு ‘மனைவி வரல’ன்னு எழுதிட்டாவளாம். நான்தான் ஒருத்தி, பெத்தவ பொய் சொல்ல மாட்டான்னு சண்டபோட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.” பெட்டியைத் தொட்டாள். “இந்தா, இல்லன்னு போட்டிருக்கே. மழத் தண்ணி பட்டாப்ல கூட ஒரு எழுத்து கலங்கல. அம்புட்டு நேரா எழுதியிருக்காவ.”

அது என்னைக் குத்தியது. என் கையெழுத்து நேராகத்தான் இருக்கும்.

“இது யாரு, ஆ. நயினாரு? இருக்காரா?”

“அவரு இப்ப இல்லம்மா” என்றேன்.

“செத்துட்டாரா?”

தலையாட்டினேன்.

அவள் போனை எடுத்துப் பக்கத்தைப் போட்டோ பிடித்தாள். “எங்கம்மகிட்ட காட்டணும். இனிமேலாச்சும் எங்கிட்ட பொய் சொல்லாதேன்னு சொல்லணும்” என்றாள். அழவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையில் நிற்கவைத்தாள். டிபன் வாளியை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்தாள்.

வேறு விசேஷமில்லை.

ஜூன் 22, சனி

மேலே கடைசி வரி பழக்கத்தில் எழுதியது.

ஜூன் 24, திங்கள்

அவள் வந்தாள். கொம்பையாவின் மனைவி, சந்தனமாரி. அன்றைக்கு வந்தாள். ஆனால் நேரம் தாண்டி வந்தாள். மனு நேரம் முடிந்தபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். எந்த வார்டரும் அதைத்தான் செய்திருப்பான். இதில் என் தப்பு என்று சொல்ல முடியாது.

ஜூன் 26, புதன்

நேரம் தாண்டவில்லை. நான்குக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

இதை இங்கேயாவது ஒழுங்காக எழுத வேண்டும். அன்று காலையிலிருந்து அடைமழை. ஒரு மனுவும் வரவில்லை. இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று மூன்று மணிக்கே புத்தகத்தை எழுதிவிட்டேன். நான் மட்டும் இல்லை, எல்லா வார்டரும் அப்படித்தான். நேரம் முடியுமுன் எழுதி வைத்துவிட்டால் முறை மாற்றுகிறபோது விறுவிறுவென்று கிளம்பலாம். எனக்கு நான்கு பத்து பஸ். கல்யாணமாகி நாற்பது நாள். தெய்வானை அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். ஞாயிறு லீவு கேட்டு வாங்கியிருந்தேன்.

மூன்று ஐம்பதுக்குக் கதவைத் தட்டினாள். சின்னப் பெண். இருபத்திரண்டு இருக்குமா? முந்தானையால் குழந்தையை மூடியிருந்தாள். கருவேலங்குளத்திலிருந்து வாய்க்கால் உடைந்து பஸ் வராமல், நடந்தே வந்திருக்கிறாள்.

அவளை உள்ளே விட்டால் புத்தகத்தைத் திருத்த வேண்டும். அடித்து, சிவப்பில் எழுதி, கண்காணிப்பாளரிடம் கொண்டுபோய்ச் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். முன்னாலேயே எழுதினாயா என்று கேட்பார். அந்த மாதத்தில் அதற்கே ஒரு மெமோ வாங்கியிருந்தேன். பஸ்ஸும் போய்விடும்.

“நேரம் முடிஞ்சிட்டு. திங்கக்கெழம வா” என்றேன்.

அவள் ஏதோ சொன்னாள். நான் தலையாட்டினேன். போய்விட்டாள். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். தெய்வானை சுழியம் செய்து வைத்திருந்தாள். நாலாவது சுழியத்தைப் பாதி கடித்துவிட்டு என் வாயில் திணித்தாள். அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

திங்கள் காலை மாமியார் கொடுத்த முறுக்குச் சம்படத்தோடு திரும்பி வந்தால் வாசலில் கூட்டம். மூத்த வார்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, “புத்தகம் என்ன சொல்லுதோ அதையே நீயும் சொல்லு. உன் வாயும் புத்தகமும் ஒண்ணா இருந்தா வேல நெலைக்கும்” என்றார். விசாரணையில் அப்படியே சொன்னேன். அன்று பதினொரு மணிக்குத்தான் கோர்ட்டிலிருந்து கொம்பையாவின் பெயில் காகிதம் வந்தது. வாங்கிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

ஜூன் 27, வியாழன்

டிக்கெட்டில் இருக்கிற நம்பருக்குக் கோமதி போன் செய்தாள். நான் எடுத்தேன்.

“அன்னைக்கு பேசுன பெரியவரா? முந்தாநாளுதான் போட்டோவக் காட்டுனேன், அதுலேருந்து எங்கம்ம சாப்பிடல. ஒண்ணும் பேசவும் மாட்டேங்கா. ‘நான் வார்டருகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்’, இது ஒண்ணத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுதா. அந்த நயினாரு வீட்டு ஆளுக யாராவது இருந்தா விசாரிச்சுச் சொல்லுங்களேன். நான் வேற அவளப் போட்டு ஏசிட்டேன்.”

விசாரிக்கிறேன் என்றேன்.

மாலை பெனினா மேடத்திடம் பக்கத்தை மட்டுமாவது மாற்றுவோம் என்றேன். “அந்த ரூமுக்காகத்தான் இப்ப கூட்டமே வருது, அங்கிள். நீங்க ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகுறீங்க?” என்றாள். காரணத்தைச் சொன்னால் என்ன ஆகும்? இந்த அறை போய்விடும். தெரியாத ஊரில் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, ஜன்னலில் எண்ணுவதற்கு ஐந்து கம்பிகூட இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குப் பயம் அவ்வளவுதான். மானம் போவதைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை.

சோறு வடித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

ஜூன் 28, வெள்ளி

பெட்டிக்கடையில் சிவப்புப் பேனா வாங்கினேன்.

கூட்டம் வருமுன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். பதிவேட்டைத் திருத்த ஒரு முறை உண்டு. சுரண்டக்கூடாது, மை பூசி மறைக்கக்கூடாது. ஒரே கோடு, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி அடிக்க வேண்டும். மேலே சிவப்பில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். தப்பும் தெரிய வேண்டும், திருத்தியவனும் தெரிய வேண்டும்.

‘மனு: இல்லை’ என்பதை அடித்தேன். மேலே எழுதினேன்: ‘மனு: ஒன்று. சந்தனமாரி, கைதி கொம்பையாவின் மனைவி, கைக்குழந்தையுடன். வந்த நேரம் 3.50. பார்க்க அனுமதிக்கப்படவில்லை.’

படித்துப் பார்த்தேன். ‘அனுமதிக்கப்படவில்லை’ யாருடைய வார்த்தை? அதையும் ஒரு கோடு போட்டு, ‘நான் அனுமதிக்கவில்லை’ என்று எழுதினேன். ஆ. நயினார், இரண்டாம் நிலை வார்டர். இன்றைய தேதி. மேலதிகாரி சுருக்கொப்பம் போடுகிற கட்டம் காலியாக இருக்கிறது. போட ஆள் இல்லை.

இந்தக் கையெழுத்து நேராக வரவில்லை. போட்டோ எடுத்துக் கோமதியின் நம்பருக்கு அனுப்பினேன். கூடவே, ‘நயினார் சாகவில்லை. அது நான்தான்’ என்று எழுதினேன்.

ஜூன் 29, சனி

நேற்று லீவில் இருந்த பெனினா மேடம் இன்று காலை வந்து பெட்டிக்கு முன் சிலையாக நின்றாள்.

“அங்கிள், இது டாக்குமெண்ட்! இதுல போய் எழுதுவாங்களா யாராச்சும்?”

“எழுதுனதும் நான்தானே மேடம்” என்றேன்.

புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு உட்கார்ந்துவிட்டாள். “இத நான் மேல சொல்லாம இருக்க முடியாது” என்றாள். சொல்லுங்கள் என்றேன். சாயங்காலம் பதில் வந்துவிட்டது. ஜூலை 15-க்குள் சாவிக்கொத்தைக் கொடுத்து அறையைக் காலி செய்ய வேண்டும். அவளுக்கே சங்கடம்தான், ஒரு டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனாள். போர்டைக் கழற்றுவீர்களா என்று கேட்டேன். “கேட்டுருக்கேன்” என்றாள். இன்னும் கழற்றவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

கோமதி படித்துவிட்டாள். இரண்டு நீலக் கோடு விழுந்து நாலு நாளாகிறது. பதில் இல்லை.

ஜூலை 4, வியாழன்

சாமான்கள்: டிரங்குப் பெட்டி ஒன்று, ஸ்டவ் ஒன்று, தெய்வானை படம் ஒன்று, பாய். ஒரு ஆட்டோவுக்குக்கூடக் காணாது.

ஜூலை 6, சனி

காலையிலிருந்து நசநசவென்று சாரல். கூட்டம் குறைவு. மூன்றே கால் மணிக்குக் கோமதி வந்தாள். பின்னால் அவள் அம்மா.

அந்த அம்மாளை நான் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். அறுபது வயதுகூட ஆகியிருக்காது, எழுபது என்று சொல்லலாம். கையில் ஒரு துணிப்பை. டிக்கெட் ஜன்னலைத் திரும்பிப் பார்க்காமல் நேரே கதவுக்கு வந்து நின்று, “மனு பாக்கணும்” என்றாள்.

அந்த வார்த்தையை இந்தக் கதவில் கேட்டு எத்தனையோ வருஷம். திறந்துவிட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். அன்றைக்கு என்னை ‘வார்டரய்யா’ என்று கூப்பிட்டாள்.

“நீருதானா அது?”

“நான்தாம்மா.”

“செத்துட்டீர்னு இவ சொன்னாளே.”

“அதையும் நான்தான் சொன்னேன்.”

கோமதி என் முகத்தைப் பார்க்கவில்லை. “புத்தகத்தக் காட்டுங்க, அம்ம பாக்கட்டும்” என்றாள்.

“எனக்குப் புத்தகம் வேண்டாம்” என்றாள் சந்தனமாரி. “நான் வந்தேன்னு எனக்குத் தெரியும். ஊரு சொன்னதையும் கேட்டாச்சு, வாழ்ந்தும் முடிச்சாச்சு. நான் ஒண்ணுதான் கேக்க வந்தேன். அன்னைக்கு உம்மகிட்ட என்ன சொன்னேன்?”

ஜூன் 26-ல் ‘அவள் ஏதோ சொன்னாள்’ என்று எழுதியிருக்கிறேன். ஏதோ இல்லை. என்ன சொன்னாள் என்பது ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும்.

“பெயில் கெடச்சிட்டு, திங்கக்கெழம காகிதம் வந்துரும், அவருகிட்டச் சொல்லிருங்கய்யான்னு சொன்னீங்க.”

“நீரு என்ன சொன்னீரு?”

“சொல்லுதேன்னு சொன்னேன்.”

“அவருகிட்டச் சொன்னீரா?”

கதவிலிருந்து நாலாம் நம்பருக்கு முப்பது அடிதான். உள்ளே போகக்கூட வேண்டாம், நின்ற இடத்திலிருந்து சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும். குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகமே வந்தது. திங்கட்கிழமை காகிதம் வரும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

“சொல்லலம்மா.”

“அப்ப... அவருக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

அவள் அப்படியே வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராக நின்றேன். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினாள்.

“தெரிஞ்சும் போய்ட்டாருன்னுலா நெனச்சேன். வெளிய வந்து எம்மூஞ்சியில முழிக்கப் பிடிக்காமத்தான் போய்ட்டாரு, எம்மேல அப்படி என்ன வெறுப்புன்னு... முப்பத்தாறு வருசமா ஒவ்வொரு நாளா நெனச்சுப் பாத்தேன். என்ன செஞ்சேன், என்ன சொன்னேன்னு. ஒண்ணும் ஆப்புடல. அவருக்குத் தெரியவே தெரியாதா?”

“எம்மா” என்று கோமதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் அம்மா தன்னிடம்கூடச் சொல்லாத பாதி அதுதான் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஊர் சொன்ன பழியைக் கழுவத்தான் நான் சிவப்புப் பேனா வாங்கினேன். அதற்கு அடியில் இருந்ததை நானும் எழுதவில்லை, அவளும் சொல்லவில்லை.

மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் அதைக் கொண்டுவந்திருக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இப்பப் போய்ச் சொல்லும்.”

“அம்மா...”

“சொல்லுதேன்னு சொன்னீர்லா? போய்ச் சொல்லும்.”

நான் போனேன். நாலாம் நம்பர் வாசலில் மதுரைக்காரக் குடும்பம் ஒன்று போர்டைப் படித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து விலகினார்கள். இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் போனைத் தூக்கினார். தூக்கட்டும். கம்பிக்கு ஓரடி தள்ளி விறைப்பாக நின்றேன். அந்தக் காலத்தில் முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவோம். அந்தக் குரல் இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. வந்தது.

“நாலாம் நம்பர், கொம்பையா! மனு வந்திருக்கு!”

கொஞ்ச நேரம் நின்றேன். கைதி எழுந்து வர அவ்வளவு நேரம் கொடுப்பது வழக்கம்.

“உம்ம வீட்டுக்காரி வந்துருக்கா. பிள்ளையையும் கொண்டு வந்துருக்கா. பெயில் கெடச்சிட்டாம். திங்கக்கெழம வீட்டுக்குப் போயிரலாம்.”

திரும்பினால் அவள் பின்னால் வந்து நின்றிருந்தாள். நான் விலகினேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். என்ன பேசினாள் என்பது எழுதுவதற்கில்லை. மனு நடக்கும்போது வார்டர் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். நின்றேன்.

போகும்போது என்னைப் பார்க்கவில்லை. கோமதி மட்டும் கதவருகில் நின்று, “எப்பக் காலி பண்ணுதீங்க?” என்று கேட்டாள். பதினைந்தாம் தேதி என்றேன். “சரி” என்றாள். அவ்வளவுதான்.

அவர்கள் போகும்போது மணி மூன்று நாற்பது. மனுப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். கடைசியில் எழுதாத பக்கங்கள் நிறைய இருக்கின்றன. தேதி மட்டும் போட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தேன். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாரல் உள்ளே அடித்தது.

நான்கு மணி அடிக்கும் வரை இருந்தேன். வேறு யாரும் வரவில்லை. அதன் பிறகுதான் எழுதினேன்.